மேலே இருந்த இரண்டு வரி

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஆறு வருஷம் யோசித்துவிட்டேன். கிருத்திகைக்கு மயிலம் மலை ஏறுகிறபோதெல்லாம், "முருகா, இந்தத் தடவை இறங்கினதும் எழுதிவிடுகிறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் கற்பூரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன். இறங்கி வந்து பஸ் ஏறினதும், உட்கார இடம் கிடைக்குமா என்பது பெரிய கவலையாகிவிடும். திண்டிவனம் வந்து என் ஜெராக்ஸ் கடையைத் திறந்தால் பட்டா நகல், சாதிச் சான்று, ஆதார் என்று ஆட்கள் நிற்பார்கள். முருகனும் கேட்கவில்லை, நானும் எழுதவில்லை. ஆனால் தயங்கியதற்கு உண்மையான காரணம் வேலை இல்லை. இதில் நான் செய்த தப்பு ஒன்று இருக்கிறது. இன்னொருவர் கதையைச் சொல்கிற சாக்கில் அதை விழுங்கிவிட முடியாது. அதைச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்லவும் வழியில்லை.

எங்கள் வீட்டு மாடியில் நாலு வருஷம் குடியிருந்தவர் அவர். விழுப்புரத்துக்காரர், என்னைவிடப் பத்து வயசாவது சின்னவர். எப்போதும் முழுக்கைச் சட்டை, காலரில் பேனா. பேசும்போது நடுவில் நிறுத்தி, சொன்னது சரிதானா என்று தனக்குள்ளே ஒரு தரம் சரிபார்த்துக்கொண்டு மறுபடியும் பேசுவார். "மழை பேஞ்சுதா தம்பி?" என்று கேட்டால்கூட, "நான் இருந்த பக்கம் பேஞ்சுதுக்கா" என்பார். பார்க்காததைச் சொல்லமாட்டார். செய்யாததைச் செய்ததாக ஒப்புக்கொள்ளமாட்டார். அவரிடம் இருந்த ஒரே கெட்ட பழக்கம் அதுதான். அதுதான் அவரை இந்தப் பாடு படுத்தியது.

வீடு கேட்டு வந்த அன்றைக்கு, "என்னா வேலை தம்பி?" என்று கேட்டேன்.

"மயிலத்துல ஒரு காலேஜ் லேப்ல பாதி நாள் வேலைக்கா. மீதி நேரம் டிரைவர் எழுதுவேன்."

டிரைவர் எழுதுவேன் என்றதை, டிரைவர் வேலைக்குப் பரீட்சை எழுதுகிறார் என்று எடுத்துக்கொண்டேன். என் வீட்டுக்காரர் தனியார் பஸ்ஸில் டிரைவர். திண்டிவனம் விழுப்புரம் ரூட்டில் இருபத்திரண்டு வருஷமாக ஓட்டுகிறவர். வீட்டுக்கு இன்னொரு டிரைவர் வந்திருக்கிறார் என்றதும் அவருக்குச் சந்தோஷம். அன்று சாயங்காலமே மாடிக்குப் போனார். நான் படிக்கட்டில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ஹெவியா லைட்டா தம்பி?"

"எல்லாம் சின்னதுதாண்ணே. பிரிண்டரு, ஸ்கேனரு, பார்கோடு மெஷினு."

"அதுலாம் லோடு. வண்டி இன்னா வண்டின்னு கேக்கறேன்."

"வண்டி ஓட்டத் தெரியாதுண்ணே."

இவர் கீழே இறங்கி வந்து என் காதோடு சொன்னார்: "இன்னாமே, வண்டியே ஓட்டத் தெரியாதவன் டிரைவர் பரீட்சை எழுதிக்கினு கீறான். இவன் பாஸாயி நம்ம ரூட்டுக்கு வந்தான்னா, நான் சாவிய குடுத்துட்டு வந்துடுவேன்."

அந்த டிரைவர் எந்த டிரைவர் என்பது என் கடைக்கு ஸ்கேனர் வாங்கினபோதுதான் தெரிந்தது. கடைக் கம்ப்யூட்டர் பழசு. அதில் அவர்தான் சும்மா கிடைக்கிற சிஸ்டம் ஒன்றைப் போட்டுக் கொடுத்திருந்தார். நன்றாகவே ஓடியது. புது ஸ்கேனரை அதில் மாட்டினேன். விளக்கு எரிந்தது, அவ்வளவுதான். தட்டினேன், திட்டினேன், விபூதிகூட வைத்தேன். அசையவில்லை. அவரைக் கூப்பிட்டேன்.

"இது கெட்டுப்போவலக்கா. இதுக்குக் காது இருக்கு, வாயும் இருக்கு. உங்க கம்ப்யூட்டரு சொல்றது இதுக்குப் புரியல. நடுவுல ஒரு ஆளு வேணும். அந்த ஆளுதான் டிரைவரு."

"மெஷின் செஞ்சவன் அந்த ஆள அனுப்பலியா?"

"காசு குடுத்து வாங்கற சிஸ்டத்துக்கு அனுப்பியிருக்கான். சும்மா கிடைக்கிற சிஸ்டத்துக்கு யாரையும் போடல."

"அப்ப அதுக்கு யாரு எழுதுவா?"

"என்ன மாதிரி ஆளுங்கதான்க்கா. ஊர் ஊரா இருக்காங்க. சம்பளம்லாம் இல்ல."

சம்பளம் இல்லாமல் வேலை செய்கிறவர்களைக் கோயிலில் பார்த்திருக்கிறேன். கம்பெனிக்காக அப்படிச் செய்கிறவரை அப்போதுதான் பார்த்தேன். சரி, புண்ணியம் என்று செய்தாலும், வாங்கிக்கொள்கிறவன் சந்தோஷமாக வாங்கிக்கொள்வான் என்று நினைத்தேன். அதுவும் இல்லை. "உங்கள் மெஷினுக்கு நான் டிரைவர் எழுதித் தருகிறேன். கூலி வேண்டாம். அது எப்படிப் பேசும் என்கிற விவரத்தை மட்டும் கொடுங்கள்" என்று அவர் பல கம்பெனிகளுக்கு எழுதியிருந்தார். ஒரு கம்பெனி, எங்கள் போட்டிக் கம்பெனி உங்களை அனுப்பியதா என்று கேட்டது. ஒரு கம்பெனி, சும்மா வேலை செய்வதற்கு அனுமதி கேட்டு நாற்பது பக்க ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடச் சொன்னது. இன்னொரு கம்பெனி, தற்போது எங்களிடம் காலியிடம் இல்லை என்று பதில் போட்டது. என் ஸ்கேனரைச் செய்த கம்பெனி, எங்கள் மெஷினின் பாஷை எங்கள் ரகசியம் என்று சொல்லிவிட்டது.

அதனால் அவர் ஒட்டுக்கேட்டார். காலேஜில் இருக்கிற வேறு கம்ப்யூட்டரில் அந்த ஸ்கேனரை மாட்டி, இரண்டும் தங்களுக்குள் என்ன பேசிக்கொள்கின்றன என்று வரி வரியாக எழுதிக்கொண்டு வந்தார். ஐந்து மாசம்.

"ஒட்டுக்கேக்கறதெல்லாம் ஒரு பொழப்பாய்யா?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

"நம்மகிட்ட பேச மாட்டேங்குதேண்ணே, வேற இன்னா பண்றது?"

மத்தியானம் காலேஜிலிருந்து வந்ததும், அன்றைக்கு எழுதியதைக் கொண்டுவந்து என் கம்ப்யூட்டரில் போடுவார். நான் சோதித்துப் பார்க்க வேண்டும். முதலில் சாமியில் ஆரம்பிப்பது நல்லது என்று மயிலம் முருகன் படம் போட்ட காலண்டர் தாளைத்தான் ஒவ்வொரு தடவையும் வைப்பேன். முதல் மாசம் முழுக்கக் கறுப்பாக வந்தது. அப்புறம் முருகன் பாதியாக வந்தார், வேல் வரவில்லை. அப்புறம் முழுசாக வந்தார். ஆனால் மயிலைவிடப் பச்சையாக வந்தார்.

"தம்பி, முருகன் பச்சையா கீறாருப்பா."

அதை அவர் அப்படியே குறித்துக்கொண்டார். வெளிநாட்டில் இதே மாதிரி எழுதுகிறவர்களுக்கும் அந்தக் கோளாறை 'பச்சை முருகன்' என்றே எழுதி அனுப்பினார். சிரிப்பதற்காக அல்ல. நான் அப்படித்தானே சொன்னேன், அதை மாற்ற அவருக்கு மனசு வரவில்லை. பத்து நாள் கழித்து, ஏதோ ஒரு குளிர் தேசத்துக்காரர், "என் வீட்டிலும் பச்சை முருகன் வருகிறார், என்ன செய்வது?" என்று பதில் எழுதியிருந்தார். எனக்கு மெய் சிலிர்த்துவிட்டது. மலையை விட்டு இறங்காதவர் கடல் தாண்டிப் போயிருக்கிறார், அதுவும் என் கடை வழியாக.

முருகன் சரியான நிறத்தில் வந்த அன்றைக்குக் கடையிலேயே கற்பூரம் ஏற்றினேன். சர்க்கரைப் பொங்கல் வைத்து, என் பெயர் வெட்டிய தூக்கில் போட்டு மேலே கொண்டுபோனேன். அவர் தூக்கைத் திருப்பிப் பார்த்தார்.

"நான் எழுதறதும் இதேதான்க்கா. யாரு வேணா எடுத்துக்கலாம், மாத்திக்கலாம், விக்கக்கூட செய்யலாம். மேல ரெண்டு வரி இருக்கும். யாரு இன்னா செஞ்சாங்கன்னு. அத மட்டும் அழிக்கக் கூடாது. அப்படின்னு எழுதி வச்சிட்டுத்தான் வெளிய உடறோம்."

"பலகாரம் யாரு வேணா தின்னலாம், தூக்குல இருக்கற பேர சுரண்டக் கூடாது. அதானே?"

"அதேதான்."

"ரெண்டு வரியில இன்னா தம்பி வந்துடப் போவுது உங்களுக்கு?"

"வேற ஒண்ணும் வராதுக்கா. அதான் அது மட்டுமாவது இருக்கட்டும்."

அவர் எவ்வளவு பிடிவாதக்காரர் என்பதற்கு ஆடி மாசத்து பேனர் ஒன்றே போதும். எங்கள் தெரு மாரியம்மனுக்குக் கூழ் வார்க்க ஃபிளெக்ஸ் அடித்தார்கள். என் வீட்டுக்காரர் ஆசையாக இவர் படத்தையும் பெயரையும் சேர்த்து, 'வருக வருக என வரவேற்கும்' வரிசையில் போட்டுவிட்டார். காலையில் பார்த்தால் இவர் ஏணி போட்டு ஏறி, தன் முகத்தின் மேலேயே வெள்ளைத் தாளை ஒட்டிக்கொண்டிருந்தார். தெருவே கூடிவிட்டது. "எவன்டா இந்தப் புள்ள மூஞ்சியில பேப்பர் ஒட்னவன்? எதிர்க்கட்சிக்காரனா?" என்று கவுன்சிலர் ஆள் வேட்டியை மடித்துக் கட்டினான்.

"நான்தாங்க ஒட்னேன்."

"உம் மூஞ்சிக்கு நீயே ஒட்டிக்கினியா? உடம்பு கிடம்பு செரியில்லியா?"

"நான் கூழ் குடிக்கத்தாங்க வந்தேன். வரவேற்க ஒண்ணும் செய்யலியே."

அடுத்த வருஷம் கேப்பை மூட்டையை சைக்கிளில் வைத்து மில்லுக்குக் கொண்டுபோய் அரைத்துக்கொண்டு வந்தார். அதற்கப்புறம்தான் பேனரில் பெயர் போட ஒப்புக்கொண்டார். அதுவும் எல்லோருக்கும் கீழே, சின்ன எழுத்தில், 'கேப்பை அரைத்து வந்தவர்' என்று. அம்மன் தலைக்கு மேல் கும்பிட்டுக்கொண்டு நின்ற பன்னிரண்டு பேர் என்ன செய்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

இப்படிப்பட்டவரிடம்தான் அந்த ஸ்கேனர் கம்பெனி வந்து சேர்ந்தது. அவர் எழுதியது ஊர் ஊராகப் பரவி, மெஷின் நன்றாக விற்க ஆரம்பித்ததும், ரகசியம் என்று சொன்ன அதே கம்பெனி கடிதம் போட்டது. கடிதம் இங்கிலீஷில் இருந்தாலும் என் போனில் காட்டினால் தமிழில் வரும். வாசித்தேன்: 'நீங்கள் எங்கள் சமூகத்தின் மதிப்புமிக்க உறுப்பினர்.'

என் வீட்டுக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அட! அவங்களும் நம்மாளுங்களா?"

"அந்த சமூகம் இல்லண்ணே. எல்லாம் சேந்து வேலை செய்யறவங்கள அப்படி சொல்லுவாங்க."

"எல்லாம்னா? அவங்களும் சேந்து செய்வாங்களா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "இல்லண்ணே. நாங்க செய்வோம். அவங்க சமூகம்னு சொல்லுவாங்க."

"அப்ப அதே சமூகந்தான்யா. எங்க முதலாளியும் அப்படித்தான். நம்ம சமூகம், நம்ம பையன்னு சொல்லிக்கினே ரெண்டு டிரிப்பு சேத்து ஓட்டச் சொல்லுவாரு."

அதிலிருந்து வாரத்துக்கு ஒரு கடிதம். அவசரம், ஜல்தி வேண்டும், திங்கட்கிழமைக்குள் வேண்டும். நன்றி, மிக்க நன்றி, மனமார்ந்த நன்றி. ஒரு தடவை பார்சல் வந்தது. பிரித்தால் டி-ஷர்ட். கம்பெனி பெயர் முதுகு நிறைய. இரண்டு பேர் நுழையலாம் போல அளவு. அவர் போட்டுப் பார்த்துவிட்டு மடித்துக் கொடுத்தார். அது இப்போதும் பஸ்ஸின் முன் கண்ணாடியைத் துடைக்கிறது. நல்ல துணி, குறை சொல்லக் கூடாது.

அப்புறம் ஒரு நாள் மத்தியானம் அவர் கீழே இறங்கி வரவில்லை. நான் மேலே போனேன். கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். கம்பெனி அவர் எழுதியதையே தன் மெஷின் பெட்டிக்குள் வைத்து, 'எங்கள் எஞ்சினியர்கள் உருவாக்கிய டிரைவர்' என்று வெளியிட்டிருந்தது. உள்ளே திறந்து பார்த்தால் எல்லா வரியும் இருந்தது. மேலே இருந்த இரண்டு வரி மட்டும் இல்லை.

"உட்டுடுங்க தம்பி. உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், முருகனுக்குத் தெரியும்."

"கம்பெனிக்கும் தெரியும்க்கா. அதான் எடுத்துட்டாங்க."

அவர் கத்தவில்லை. கடிதம் எழுதினார். 'அந்த இரண்டு வரியைத் திரும்பப் போடுங்கள். வேறு எதுவும் வேண்டாம்.' எங்கள் சட்டப் பிரிவு பரிசீலிக்கிறது என்று பதில் வந்தது. இவர் மறுபடி எழுதினார். அவர்கள் மறுபடி பரிசீலித்தார்கள். அந்த நாலைந்து மாசத்தில் அவர் சாப்பிட மறந்தார், சட்டையில் பேனா வைக்க மறந்தார். அந்த இரண்டு வரி ஒன்றைத்தான் மறக்கவில்லை.

என் தப்புக்கு வருகிறேன்.

விழுப்புரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் அந்தக் கம்பெனி ஜெராக்ஸ் கடைக்காரர்களுக்கு ஒரு கூட்டம் போட்டது. எனக்கும் அழைப்பு வந்தது. போய்க் கேட்டுவிடுவது என்று முடிவு பண்ணித்தான் போனேன். வீட்டுக்காரர் பஸ்ஸிலேயே முன் சீட்டில் உட்கார்ந்து போனேன். முண்டியம்பாக்கம் வரைக்கும் கேள்வியை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். மேடையில் கோட்டுப் போட்ட ஒருவர், "இந்த டிரைவர எங்க எஞ்சினியருங்க இருபது பேரு ராப்பகலா ஒக்காந்து எழுதுனாங்க" என்றார். என் காது சூடானது. பக்கத்தில் இருந்த விக்கிரவாண்டிக் கடைக்காரம்மாவிடம், "பொய்யி. எங்க மாடியில கீறவரு எழுதுனது" என்றேன்.

"எழுந்து கேளுங்களேன்."

எழுந்திருக்கத்தான் போனேன். அதற்குள் பந்திக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

வடை, பாயசத்தோடு சாப்பாடு. கை கழுவிவிட்டு வந்தால் ஒரு மேஜை. ஹாட் பாக்ஸ் அடுக்கி வைத்திருந்தார்கள். சிரித்த முகமாக ஒரு தம்பி கேட்டார்.

"மெஷின் நல்லா வேலை செய்யுதுங்களாம்மா?"

"செய்யுதுங்க."

"அப்ப இங்க ஒரு கையெழுத்து போட்டுட்டு எடுத்துக்கங்கம்மா."

தாள் முழுக்க இங்கிலீஷ். என் கடைக்கு வருகிறவர்களிடம் ஒரு நாளைக்கு இருபது தடவையாவது, "படிச்சுப் பாத்து கையெழுத்துப் போடுங்க" என்று சொல்கிறவள் நான். போட்டேன். தெளிவாக, தமிழில், முதலெழுத்தோடு போட்டேன். ஹாட் பாக்ஸைப் பிடித்துக்கொண்டு ஒரு போட்டோவும் எடுத்தார்கள். சிரிக்கச் சொன்னார்கள், சிரித்தேன். கேட்கப் போன கேள்வி திரும்பி வருகிற பஸ்ஸில்தான் ஞாபகம் வந்தது. கம்பெனி பெயர் அந்த ஹாட் பாக்ஸில் மூன்றாவது கழுவலிலேயே போய்விட்டது. வெட்டின பெயர் இல்லை, ஒட்டின பெயர்தானே.

இரண்டு வாரம் கழித்து அவர் ஒரு தாளோடு கடைக்கு வந்தார். கூட்டம் போகட்டும் என்று ஓரமாக நின்றார். எல்லோரும் போன பிறகு தாளை என் முன்னால் வைத்தார்.

"அக்கா, இந்தக் கையெழுத்து உங்களுதா?"

கம்பெனி சட்டப் பிரிவின் பதில். 'இந்த டிரைவர் முழுக்க முழுக்கக் கம்பெனி உருவாக்கியது என்று, அதைப் பயன்படுத்தும் கடைக்காரர்களே எழுத்துமூலம் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். இத்துடன் இந்த விஷயம் முடிந்தது.' கீழே முப்பது கையெழுத்துக்கு மேல். முதல் கையெழுத்து என்னுடையது. ஹாட் பாக்ஸ் வரிசையில் நான்தானே முதலில் நின்றேன்.

"மெஷின் நல்லா கீதான்னுதான் கேட்டாங்க தம்பி" என்றேன். என் காதுக்கே அது நன்றாக இல்லை.

"கேட்டது அதுதான்க்கா. எழுதியிருந்தது வேற."

திட்டியிருந்தால் தேவலை. அவர் என் கம்ப்யூட்டரில் எதையோ திறந்தார். கம்பெனி கை வைக்காத பழைய பிரதி. எங்கள் கடையில் ஆரம்பத்திலிருந்தே இருந்தது. அதன் தலையில் இரண்டு வரி. "படிங்க" என்றார். என் பத்தாவது படிப்புக்கு எழுத்துக் கூட்டித்தான் படித்தேன். முதல் வரியில் அவர் பெயர், எழுதியவர் என்று. இரண்டாவது வரியில் என் பெயர். திண்டிவனம் என்று ஊரோடு. சோதித்துப் பார்த்தவர் என்று.

"இத்தினி நாளா ஏன் சொல்லல?"

"சொல்றதுக்கு இன்னாக்கா இருக்கு? நீங்க பாத்தீங்க. போட்டேன்."

"என் பேருக்காகவா இத்தினி மாசம் அவங்ககூட மல்லுக்கட்டினு இருந்தீங்க?"

அவர் வழக்கம்போலக் கொஞ்சம் நிறுத்தி, சரிபார்த்துக்கொண்டு சொன்னார். "என் பேர் மட்டும்னா உட்டிருப்பேன்னு நெனைக்கிறேன். நிச்சயமா தெரியல. உங்க பேர உட்டுக்குடுக்க எனக்கு உரிமை இல்லக்கா."

என் பெயரை அழித்தவர்களிடம் போய், அழித்தது சரி என்று நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, கூடவே போட்டோவுக்குச் சிரித்துவிட்டும் வந்திருக்கிறேன். ராகுகாலம் எமகண்டம் பார்த்துக் கடை திறக்கிறவள் நான். எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்று பார்க்கவில்லை.

அன்றைக்கே மறுப்புக் கடிதம் எழுதினேன். விக்கிரவாண்டி அம்மாவும் எழுதித் தந்தார்கள். என் வீட்டுக்காரர், "நான் எழுதறேன் பாரு, கம்பெனியே ஆடிப்போவும்" என்று பேனாவை எடுத்தார். 'இந்த டிரைவரை எங்கள் மாடியில் இருப்பவர் எழுதியதை நான் என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன்' என்று எழுதிக் காட்டினார்.

"அண்ணே, நீங்க பாக்கலியே."

"இன்னாய்யா பாக்கல? இத்தினி வருஷமா மேலதானே கீற?"

"நான் எழுதறப்ப நீங்க பஸ்ஸுல இருப்பீங்கண்ணே. வார லீவுல கீழ தூங்குவீங்க."

"டக்கு டக்குன்னு சத்தம் கேட்டுதுய்யா! தூங்க உட்டியா நீ?"

"அப்ப அத எழுதுங்கண்ணே."

கடைசியில் என் வீட்டுக்காரரின் சாட்சியம் இப்படிப் போனது: 'வார லீவு நாட்களில் மத்தியானம் மாடியில் டக்கு டக்கு என்று சத்தம் கேட்டது. அது என்ன எழுதிய சத்தம் என்று எனக்குத் தெரியாது.' இதை வைத்து எந்தக் கோர்ட்டில் ஜெயிப்பது? தன் கேஸைத் தானே தோற்கடிக்கிற ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன். "பேஜாரு புடிச்ச ஆளுய்யா நீ" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார் வீட்டுக்காரர்.

எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து மெயிலில் அனுப்பினேன். கம்பெனியிலிருந்து எனக்கு ஒரு நிமிஷத்தில் பதில் வந்தது. 'உங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் முக்கியம்.' அதன் கீழே, இந்தப் பதில் உங்களுக்குத் திருப்தியா, ஐந்து நட்சத்திரத்துக்கு எத்தனை கொடுப்பீர்கள் என்று ஒரு கேள்வி. அவ்வளவுதான். அதற்கப்புறம் எத்தனை தடவை எழுதியும் எங்கள் கருத்து முக்கியமாகவே இருந்தது.

இரண்டு வரியும் திரும்பி வரவில்லை.

ஒரு வருஷம் போயிருக்கும். அதே கம்பெனியின் வேறு பிரிவிலிருந்து, பழைய கதை எதுவும் தெரியாமல், இவருக்கு ஒரு கடிதம் வந்தது. புது மாடல் ஒன்று வந்திருக்கிறது, சும்மா கிடைக்கிற சிஸ்டத்தில் அது வேலை செய்யவில்லை, சமூகம் உதவ வேண்டும் என்று. என் வீட்டுக்காரர் மூன்று நாள் சிரித்தார். இவர் அந்தக் கடிதத்துக்குப் பதிலே போடவில்லை. அப்பாடா, ரோஷம் வந்துவிட்டது என்று நினைத்தேன். ஆனால் மேலே மறுபடியும் டக்கு டக்கு.

"மறுபடி அவனுங்களுக்கா எழுதிக்கினு கீறீங்க?" என்று கேட்டேன். எனக்குக் கோபமாகவே வந்தது.

"அவங்களுக்கு இல்லக்கா. செஞ்சியில ஒரு கடைக்காரர் தெரியாம அந்த மெஷின வாங்கிட்டாரு. நெலத்துல வெளஞ்ச மல்லாட்டை வித்த காசு. பேச மாட்டேங்குதுன்னு எழுதியிருக்காரு. மெஷின் இன்னாக்கா பண்ணுச்சு?"

எழுதி முடித்துக் கீழே கொண்டுவந்தார். செஞ்சிக்காரர் மெஷினும் பஸ்ஸில் வந்திருந்தது. திறந்து காட்டினார். முதல் வரியில் அவர் பெயர். இரண்டாவது வரி காலியாக இருந்தது.

"பாத்து சொல்றீங்களாக்கா? பாத்தாதான் போடுவேன்."

ஒரு நாள் முழுக்கப் பார்த்தேன். வந்தவர்களை எதிர்க் கடைக்கு அனுப்பினேன். காலண்டர், ரேஷன் கார்டு, கையெழுத்து அழிந்த பத்திரம், பத்தாவது மார்க் ஷீட், எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தேன். எல்லாம் நன்றாக வந்தது. சரி என்று சொல்லிவிடத்தான் வாய் வந்தது. மறுபடி ஒரு தரம் கிட்டே வைத்துப் பார்த்தேன். நீளமான பத்திரத் தாளின் கடைசியில், சாட்சிகள் கையெழுத்துப் போடுகிற இடம், ஒரு நூல் அகலத்துக்கு வெட்டுப்பட்டு வந்தது.

"தம்பி, சாட்சி கையெழுத்து வெட்டுப்படுதுப்பா."

அவர் குனிந்து பார்த்தார். அளந்து பார்த்தார். அவர் அப்படிச் சிரித்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை. நாலு நாளில் அதைச் சரிசெய்துவிட்டு வந்து, என் கண் முன்னாலேயே இரண்டாவது வரியில் என் பெயரை அடித்தார். எழுத்து சரியா என்று கேட்டார். சரி என்றேன், இந்தத் தடவை படித்துப் பார்த்துவிட்டு.

அந்த வருஷக் கடைசியில் அவர் அம்மாவுக்குத் துணையாக விழுப்புரத்துக்கே போய்விட்டார். போகும்போது, உங்களைப் பற்றி ஒரு நாள் எழுதுவேன் என்றேன். "எழுதுங்கக்கா. என் பேர் வேணாம், நான் எழுதலியே" என்றார். அதனால்தான் போடவில்லை. இதை எழுதினது நான். தப்பு இருந்தால் அதுவும் என்னுடையது.

நான் கையெழுத்துப் போட்ட தாள் இன்றைக்கும் அந்தக் கம்பெனியின் வெப்சைட்டில் இருக்கிறது. பக்கத்தில் ஹாட் பாக்ஸோடு நான் சிரிக்கிறேன். 'திண்டிவனத்தில் ஒரு மகிழ்ச்சியான வாடிக்கையாளர்' என்று கீழே போட்டிருக்கிறார்கள். எடுக்கச் சொல்லிப் பார்த்துவிட்டேன். அந்தப் பொய்யை எத்தனை பேர் பார்த்தார்களோ எனக்குத் தெரியாது. அதைப் பார்த்தவர்களுக்கு இது போய்ச் சேரவேண்டும் என்பதுதான் மயிலத்து மலையில் நான் வைத்த வேண்டுதல். வாசித்தவர்கள் இதைத் தெரிந்தவர்களுக்குக் கொடுங்கள். ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்தாலும் சரி, போனில் அனுப்பினாலும் சரி. அவரைப் பெரிய ஆளாக்கி ஒரு வரி சேர்க்க வேண்டாம். என் மேல் இரக்கப்பட்டு, அந்தக் கல்யாண மண்டபத்து இடத்தில் ஒரு வரிகூட எடுத்துவிடவும் வேண்டாம்.